பத்துக்கு ஒண்ணா, பத்துல ஒண்ணா? – சீரியல் டைல்யூஷன் கணக்கை ஒரு கை பார்ப்போம்

லேப் மேனுவலில் ஒரே ஒரு வரி: "1:10 டைல்யூஷன், ஆறு முறை செய்க." ஒரு பேட்ச் 1 மி.லி. சாம்பிளை 9 மி.லி. தண்ணீரில் விடுகிறது. பக்கத்து பேட்ச் 1 மி.லி. சாம்பிளை 10 மி.லி. தண்ணீரில் விடுகிறது. ரெண்டு பேரும் படிச்சது ஒரே மேனுவல்தான். ரெண்டு பேரும் ரெக்கார்டில் எழுதப்போவதும் "10⁻⁶" என்றுதான்.

இப்ப கணக்குப் போட்டுப் பாருங்க. முதல் பேட்சின் ஒவ்வொரு குழாயிலும் மொத்தம் 10 மி.லி. இருக்கு. அதனால ஆறு படிக்கு 10 × 10 × 10 × 10 × 10 × 10 = 10,00,000 மடங்கு. இரண்டாவது பேட்சின் குழாயில் மொத்தம் 11 மி.லி. ஆறு படிக்கு 11-ஐ ஆறு முறை பெருக்கணும்: 17,71,561 மடங்கு. ரெண்டு ரெக்கார்டிலும் ஒரே எண் இருக்கும், ஆனா ரெண்டு குழாய்க்கும் நடுவில் 77 சதவீத வித்தியாசம் இருக்கும்.

இந்தச் சிக்கலுக்கு ஒரே ஒரு கேள்விதான் மருந்து. ஒவ்வொரு குழாய்கிட்டயும் நின்னு அதைக் கேட்கணும்: எவ்வளவு எடுத்தேன், கடைசியில் மொத்தம் எவ்வளவு ஆச்சு? இந்தக் கட்டுரையில் வரும் எல்லாக் கணக்கும் இந்த ஒரு கேள்வியில் இருந்துதான் வருது. பயோடெக், கெமிக்கல், சிவில் எதுவா இருந்தாலும் சரி.

மாறாதது எது?

மெஸ்ஸில் மோர் கெட்டியா இருக்குன்னு ஒரு டம்ளர் தண்ணி சேர்க்கிறீங்க. உப்பு குறைவாத் தெரியுது. உண்மையில் உப்பு எங்கேயும் போகலை. டம்ளரில் இருந்த உப்பு அப்படியேதான் இருக்கு, அதைப் பங்கு போட்டுக்கிற தண்ணிதான் கூடிடுச்சு.

சி₁ × வி₁ = சி₂ × வி₂ என்ற சூத்திரம் சொல்வது இதை மட்டும்தான். சி என்பது செறிவு, வி என்பது கன அளவு. ரெண்டையும் பெருக்கினா கரைந்திருக்கும் பொருளின் அளவு கிடைக்கும். தண்ணி ஊத்துறதுக்கு முன்னும் பின்னும் அந்த அளவு சமம்.

ஒரு சின்ன உதாரணம். கையில் 1 மோலார் சோடியம் குளோரைடு ஸ்டாக் இருக்கு. 0.15 மோலார் கரைசல் 100 மி.லி. வேணும்.

வி₁ = (0.15 × 100) ÷ 1 = 15 மி.லி.

15 மி.லி. ஸ்டாக்கை எடுத்தாச்சு. அடுத்து எவ்வளவு தண்ணி? வைவாவில் நிறையப் பேர் சறுக்குற இடம் இதுதான். 100 மி.லி. தண்ணி சேர்த்தா மொத்தம் 115 மி.லி. ஆகிடும், செறிவு சுமார் 0.13 மோலாராக் குறைஞ்சிடும். மொத்தம் 100 ஆகும் வரைக்கும் சேர்க்கணும். வால்யூமெட்ரிக் ஃபிளாஸ்கின் கழுத்தில் ஒரு கோடு போட்டிருப்பது இதுக்காகத்தான். வி₂ என்றால் மொத்த அளவு. ஊத்தின தண்ணியின் அளவு கிடையாது.

நீர்த்தல் மடங்கு

அதே கேள்வியை ஒரு வகுத்தலா எழுதினா நீர்த்தல் மடங்கு கிடைச்சிடும்.

நீர்த்தல் மடங்கு = மொத்த அளவு ÷ எடுத்த அளவு

- 1 மி.லி. + 9 மி.லி. → 10 ÷ 1 = 10 மடங்கு
- 0.5 மி.லி. + 4.5 மி.லி. → 5 ÷ 0.5 = 10 மடங்கு
- 200 மைக்ரோலிட்டர் + 800 மைக்ரோலிட்டர் → 1000 ÷ 200 = 5 மடங்கு
- 0.1 மி.லி. + 9.9 மி.லி. → 10 ÷ 0.1 = 100 மடங்கு

கடைசி வரியில் 0.1 மி.லி.-ஐ 10 மி.லி.-இல் விட்டிருந்தா 101 மடங்கு. ஒரு படிக்கு ஒரு சதவீதம்தான், பரவாயில்லை என்று தோணும். ஆனா 10 மடங்கு டைல்யூஷனில் அதே பழக்கம் ஒரு படிக்குப் பத்து சதவீதம் ஆகிடுது. அதனால ரெக்கார்டில் "1:10" என்று மட்டும் எழுதாதீங்க. "1 மி.லி. + 9 மி.லி." என்று எழுதுங்க. படிக்கிறவங்களுக்குச் சந்தேகமே வராது.

முதலில் ஒரு படி: சிவில் மக்களுக்கு

சுற்றுச்சூழல் லேபில் பி.ஓ.டி. டெஸ்ட் பண்ணியிருப்பீங்க. கழிவுநீரில் உள்ள அழுக்கைத் தின்ன நுண்ணுயிர்களுக்கு எவ்வளவு ஆக்சிஜன் தேவை என்று அளக்கிற சோதனை. இந்தியாவில் 27 டிகிரி செல்சியஸில் 3 நாள் வைத்து அளப்பது வழக்கம். அந்த வெப்பநிலையில் ஒரு லிட்டர் தண்ணீரில் சுமார் 8 மில்லிகிராம் ஆக்சிஜன்தான் கரையும். சாக்கடை நீருக்கு அதைப் போலப் பல மடங்கு தேவைப்படும். நேரடியா பாட்டிலில் அடைச்சு வைத்தா ஆக்சிஜன் சீக்கிரமே தீர்ந்து, கடைசி ரீடிங் பூஜ்ஜியமா நிற்கும். அதனாலதான் நீர்க்க வைக்கிறோம்.

300 மி.லி. பாட்டிலில் 6 மி.லி. கழிவுநீர், மீதி டைல்யூஷன் வாட்டர் என்று வைத்துக்குங்க. முதல் நாள் ஆக்சிஜன் லிட்டருக்கு 7.8 மில்லிகிராம். மூணு நாள் கழிச்சு 4.0. குறைந்தது 3.8.

எவ்வளவு எடுத்தோம்? 6. மொத்தம் எவ்வளவு? 300. மடங்கு 50. ஆக, பி.ஓ.டி. = 3.8 × 50 = லிட்டருக்கு 190 மில்லிகிராம். (டைல்யூஷன் வாட்டரில் நுண்ணுயிர் விதை சேர்த்திருந்தா அதற்கான திருத்தம் தனி.)

இப்ப அந்த 50-ஐப் பெருக்க மறந்தா என்ன ஆகும்? ரெக்கார்டில் 3.8 என்று இருக்கும். ஆறு, ஏரி போன்ற நீர்நிலைகளில் விடும் கழிவுநீருக்கான பொது வரம்பு லிட்டருக்கு 30 மில்லிகிராம். காகிதத்தைப் பார்க்கிறவருக்கு 3.8 என்பது சுத்திகரித்த தண்ணி மாதிரித் தெரியும். நிஜத்தில் பாட்டிலுக்குள் இருப்பது வரம்பைப் போல ஆறு மடங்குக்கும் மேல.

ஏன் படிப்படியாக?

பத்து லட்சம் மடங்கு நீர்க்க வைக்கணும்னா ஒரே அடியில் செய்யலாமே? செய்யலாம். 1 மைக்ரோலிட்டர் சாம்பிளை 1 லிட்டரில் விடணும். ரெண்டு பிரச்சினை. 1 மைக்ரோலிட்டரை நம்பகமா எடுப்பது கஷ்டம். டிப்பின் வெளிப்பக்கம் ஒட்டுற துளியே அதுக்குச் சமமா இருக்கலாம். அப்புறம், ஒரு சாம்பிளுக்கு ஒரு லிட்டர் கிருமி நீக்கிய சலைன் என்றால் ஆட்டோகிளேவ் தாங்காது.

ஆறு குழாய், ஒவ்வொன்றிலும் 9 மி.லி. என்றால் மொத்தம் 54 மி.லி. சலைன் போதும். கை தவறாமல் எடுக்கக்கூடிய 1 மி.லி.-ஐ மட்டும் ஆறு முறை எடுக்கிறோம். அவசரம் என்றால் 0.1 மி.லி. + 9.9 மி.லி. என்று மூணே படியிலும் முடிச்சிடலாம்: 100 × 100 × 100.

இங்க நினைவில் வைக்க வேண்டியது: மடங்குகளைப் பெருக்கணும், கூட்டக்கூடாது. 10, 10, 5 என்று மூணு படி போனா 25 மடங்கு கிடையாது, 500 மடங்கு. படிகள் எல்லாம் ஒரே அளவில் இருக்கணும் என்ற கட்டாயமும் இல்லை.

பின்னோக்கிப் போகும் கணக்கு: பால்

நீர்க்க வைக்கிறது பாதி வேலை. கடைசிக் குழாயில் கிடைத்த எண்ணில் இருந்து முதல் சாம்பிளுக்குத் திரும்பி வருவது மீதிப் பாதி.

பச்சைப் பாலில் எவ்வளவு பாக்டீரியா இருக்குன்னு பார்க்கணும். 1 மி.லி. பாலை 9 மி.லி. சலைனில் விட்டு 10⁻¹, அதில் இருந்து 1 மி.லி. எடுத்து அடுத்த 9-இல் விட்டு 10⁻², இப்படியே 10⁻⁴ வரை போறோம். ஒவ்வொரு குழாயில் இருந்தும் 0.1 மி.லி. எடுத்து அகார் பிளேட்டில் பரப்பி, இன்குபேட்டரில் வைக்கிறோம். பிளேட்களை வெளியே எடுத்துப் பார்த்தா:

- 10⁻² பிளேட்: எண்ண முடியாத அளவு காலனிகள்
- 10⁻³ பிளேட்: 62 காலனிகள்
- 10⁻⁴ பிளேட்: 7 காலனிகள்

எதை எடுத்துக்கணும்? 30-க்கும் 300-க்கும் இடையில் உள்ள பிளேட்டை. இந்த எல்லை சும்மா போட்டது இல்லை. தற்செயலா எங்கேயோ விழுகிற பொருட்களை எண்ணும்போது, எண்ணிக்கையின் வர்க்கமூலம் அளவுக்கு ஏற்ற இறக்கம் வரும். 7 காலனி என்றால் வர்க்கமூலம் சுமார் 2.6, அதாவது கிட்டத்தட்ட 38 சதவீத ஆட்டம். 30 என்றால் 18 சதவீதம். 300 என்றால் 6 சதவீதத்துக்குள். அப்ப இன்னும் மேல போகலாமே என்றால், 300-ஐத் தாண்டினா காலனிகள் ஒண்ணோடு ஒண்ணு ஒட்டிக்கும், சிலது இடம் இல்லாமல் வளராமலே போகும்.

ஆக 62-ஐ எடுத்துக்குவோம். அந்த 62 எங்கிருந்து வந்தது? 10⁻³ குழாயின் 0.1 மி.லி.-இல் இருந்து. அப்படின்னா அந்தக் குழாயின் 1 மி.லி.-இல் 620. அந்தக் குழாயே பாலை 1000 மடங்கு நீர்த்தது. ஆக பாலில் 620 × 1000 = 6,20,000; மி.லி.-க்கு 6.2 லட்சம்.

சூத்திரமா எழுதினா:

மி.லி.-க்கு எண்ணிக்கை = காலனிகள் ÷ (நீர்த்தல் × பிளேட்டில் விட்ட அளவு) = 62 ÷ (10⁻³ × 0.1)

இந்த 0.1-ஐ மறப்பதுதான் ஊரறிந்த தப்பு. பிளேட்டில் பரப்புவது டைல்யூஷன் மாதிரித் தெரியாததால் கணக்கில் விட்டுப்போகுது. ஆனா 1 மி.லி.-இல் எவ்வளவு என்று சொல்லப்போகிறோம், 0.1 மி.லி.-ஐ மட்டும் எண்ணியிருக்கோம். அதுவும் ஒரு பத்து மடங்குதான்.

மறந்தா விடை 62,000. பச்சைப் பாலுக்கான இந்தியத் தரக் குறியீடு ஐ.எஸ். 1479-இல் மி.லி.-க்கு 2 லட்சத்துக்குக் கீழே 'மிக நன்று', 2 முதல் 10 லட்சம் 'நன்று', 10 முதல் 50 லட்சம் 'சுமார்', அதுக்கு மேல 'மோசம்' என்று தரம் பிரிக்கிறாங்க. 6.2 லட்சம் 'நன்று'. 62,000 'மிக நன்று'. இதே தப்பு 88 லட்சம் உள்ள பாலில் நடந்தா 8.8 லட்சம் ஆகும். 'மோசம்' நேரா 'நன்று' ஆகிடும். கேன் அப்படியே இருக்கும், கறந்தவரும் குடிக்கப்போறவரும் அப்படியே இருப்பாங்க. ஒரு பூஜ்ஜியம் மட்டும்தான் இடம் மாறியிருக்கும்.

ரெட்டிப்பு டைல்யூஷன்: மருந்து

எல்லாத் தொடரும் பத்து பத்தாப் போகாது. ஒரு ஆன்டிபயாட்டிக் எந்தச் செறிவில் ஒரு கிருமியை வளரவிடாமல் தடுக்குதுன்னு கண்டுபிடிக்க, ஒவ்வொரு படியிலும் பாதி பாதியாக் குறைப்பாங்க. கண்ணுக்குத் தெரியும் வளர்ச்சியைத் தடுக்கிற மிகக் குறைந்த செறிவுக்கு எம்.ஐ.சி. என்று பேர்.

96 குழி பிளேட்டில் இப்படிச் செய்யலாம். முதல் குழியில் மி.லி.-க்கு 4 மைக்ரோகிராம் செறிவுள்ள சிப்ரோஃப்ளாக்சசின் 100 மைக்ரோலிட்டர். அடுத்த குழிகளில் வெறும் பிராத் 50 மைக்ரோலிட்டர். முதல் குழியில் இருந்து 50 எடுத்து இரண்டாவதில் விட்டுக் கலக்கணும். அதில் இருந்து 50 எடுத்து மூன்றாவதில். கடைசிக் குழியில் இருந்து 50 எடுத்துக் கொட்டிடணும். மொத்தம் 100, எடுத்தது 50. படிக்கு 2 மடங்கு. செறிவு: 4, 2, 1, 0.5, 0.25, 0.125.

இந்த வரிசையை ரெக்கார்டில் எழுதிட்டு நிம்மதியா உட்காரக்கூடாது. இன்னும் ஒரு வேலை பாக்கி இருக்கே: கிருமி! ஒவ்வொரு குழியிலும் 50 மைக்ரோலிட்டர் கிருமிக் கலவை சேர்க்கிறோம். அதில் மருந்து இல்லை. 50 இருந்தது 100 ஆச்சு. கேள்வியை மறுபடி கேளுங்க. மருந்து இன்னொரு முறை பாதியாகிடுச்சு: 2, 1, 0.5, 0.25, 0.125, 0.0625.

ஈ. கோலை கிருமிக்கு அமெரிக்காவின் சி.எல்.எஸ்.ஐ. 2019-இல் திருத்திய அளவுகோல்படி, எம்.ஐ.சி. 0.25 அல்லது அதுக்குக் கீழே என்றால் மருந்து வேலை செய்யும், 0.5 என்றால் இடைநிலை. 1 அல்லது மேலே என்றால் கிருமி மருந்தை எதிர்த்து நிற்கும்.

நம்ம பிளேட்டில் நாலாவது குழி வரை தெளிவா இருக்கு, ஐந்தாவதில் இருந்து கலங்கலா இருக்குன்னு வைங்க. சரியான எம்.ஐ.சி. 0.25. "வேலை செய்யும்." கிருமி சேர்த்ததைக் கணக்கில் எடுக்காதவர் அதே நாலாவது குழியை 0.5 என்று படிப்பார். "இடைநிலை." மருத்துவர் அந்த மருந்தை ஒதுக்கிட்டு வேற ஒன்றைத் தேடலாம், அதுவும் தேவையில்லாமல்.

இதே 50 மைக்ரோலிட்டர் கிருமிப் பக்கமும் வேலை காட்டும். குழியில் கடைசியா மி.லி.-க்கு 5 லட்சம் கிருமி இருக்கணும் என்பது வழக்கமான இலக்கு. சேர்க்கும்போது அதுவும் பாதியாகும். அதனால சேர்க்கிற கலவையில் 10 லட்சம் இருக்கணும். 0.5 மெக்ஃபார்லண்ட் கலங்கல் என்பது மி.லி.-க்குச் சுமார் 15 கோடி. 15 கோடியில் இருந்து 10 லட்சத்துக்கு வர 150 மடங்கு நீர்க்க வைக்கணும். 0.1 மி.லி. எடுத்து மொத்தம் 15 மி.லி. ஆக்கினா முடிஞ்சது.

சின்னத் தப்பு, பெரிய வட்டி

சீரியல் டைல்யூஷனில் ஒரு குணம் உண்டு. முதல் குழாயில் நடந்த தப்பு கடைசிக் குழாய் வரை கூடவே வரும். கூட்டு வட்டி மாதிரி.

உங்க பிப்பெட் 1 மி.லி. என்று காட்டி 0.98 மட்டுமே எடுக்குதுன்னு வைங்க. ஒரு படியில் மொத்தம் 9.98, எடுத்தது 0.98, மடங்கு 10.18. கண்டுக்காமல் விடலாம் போலத் தோணும். ஆறு படி போனா சுமார் 11.15 லட்சம் மடங்கு. நீங்க 10 லட்சத்தால் பெருக்கினா விடை 10 சதவீதம் குறைவா வரும். ஒரே பிப்பெட் ஒரே பக்கமாத் தப்பு பண்ணும்போது இந்த நிலை. ஒரு முறை கூடுதல், ஒரு முறை குறைவு என்று தாறுமாறா 2 சதவீதம் ஆடினா, ஒண்ணை ஒண்ணு ஓரளவு சமன் பண்ணிக்கும். ஆறு படிக்குச் சுமார் 5 சதவீதத்தில் நிற்கும். அதனால கை நடுக்கத்தைவிட, அளவு சரிபார்க்காத பிப்பெட்தான் அதிக ஆபத்து. தராசில் தண்ணியை விட்டு எடை பார்த்தா அஞ்சு நிமிஷத்தில் தெரிஞ்சிடும்: அறை வெப்பநிலையில் 1 மி.லி. தண்ணி ஏறக்குறைய 1 கிராம்.

இன்னும் ரெண்டு பழக்கம். ஒவ்வொரு படிக்கும் டிப்பை மாத்துங்க. பழைய டிப்பில் ஒட்டியிருப்பது முந்தைய குழாயின் பத்து மடங்கு அடர்த்தியான திரவம். ஒவ்வொரு குழாயையும் நல்லாக் கலக்கின பிறகே அடுத்ததுக்கு எடுங்க. கலக்காத குழாயில் செறிவு என்ற ஒரே எண்ணே கிடையாது. மேல ஒண்ணு, கீழ ஒண்ணு.

நீங்களே போடுங்க

1. 10 மில்லிமோலார் ஸ்டாக்கில் இருந்து 0.4 மில்லிமோலார் கரைசல் 50 மி.லி. வேணும். எவ்வளவு ஸ்டாக், எவ்வளவு தண்ணி?

2. மி.லி.-க்கு 25 மில்லிகிராம் செறிவுள்ள ஸ்டாக்கை, 0.2 மி.லி. + 1.8 மி.லி. என்று மூணு முறை நீர்த்து, கடைசிக் குழாயில் இருந்து 1 மி.லி. எடுத்து 4 மி.லி. தண்ணியில் விட்டாச்சு. முடிவில் செறிவு என்ன?

3. 1 கிராம் மண்ணைச் சலைனில் கலக்கி மொத்தம் 100 மி.லி. ஆக்கி, அதில் இருந்து 1 + 9 என்று மூணு படி. கடைசிக் குழாயின் 0.1 மி.லி.-ஐப் பரப்பினதில் 88 காலனிகள். ஒரு கிராம் மண்ணில் எத்தனை?

4. ஒரு லட்சம் மடங்கு நீர்க்க வைக்கணும். 0.1 மி.லி.-க்குக் கீழே எடுக்கக்கூடாது. எந்தக் குழாயிலும் மொத்தம் 10 மி.லி.-ஐத் தாண்டக்கூடாது. குறைந்தபட்சம் எத்தனை படி?

விடைகள்

1. (0.4 × 50) ÷ 10 = 2 மி.லி. ஸ்டாக்; மொத்தம் 50 ஆக 48 மி.லி. தண்ணி.

2. மூணு படிக்கு 1000 மடங்கு. கடைசிப் படி 5 மடங்கு (4 என்று போட்டிருந்தா முதல் பத்தியை மறுபடி படிங்க). மொத்தம் 5000. 25 ÷ 5000 = 0.005 மில்லிகிராம், அதாவது மி.லி.-க்கு 5 மைக்ரோகிராம்.

3. மண்ணைக் கலக்கினதே 100 மடங்கு. மூணு படி 1000. ஆக 1,00,000. பிளேட்டில் 0.1. எனவே 88 × 1,00,000 × 10 = 8.8 கோடி.

4. மூணு படி. ஒரு படியில் அதிகபட்சம் 100 மடங்குதான் முடியும், அதனால ரெண்டு படி 10,000-இல் நின்னுடும். 0.1 + 9.9 ரெண்டு முறை, 1 + 9 ஒரு முறை.

நாலும் சரியா வந்திருந்தா அடுத்த லேப் எக்ஸாமுக்கு இந்தப் பகுதியை மறுபடி படிக்க வேண்டியதில்லை. வராதவங்க சூத்திரத்தை மனப்பாடம் பண்ண வேண்டாம். ஒவ்வொரு குழாயையும் வரைஞ்சு, பக்கத்தில் ரெண்டு எண் எழுதுங்க: எடுத்தது, மொத்தம். மீதி எல்லாம் வெறும் பெருக்கல்தான்.